பச்சையில் நிற்கும் முள்

சினிமாவுக்குப் போனால் வாசலை ஒட்டிய நாற்காலிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற மனிதர் அவர். ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போனாலும் நோயாளியின் முகத்தைப் பார்க்கும் முன்னால் மாடிப்படி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வார். வீட்டில் மனைவி சமையலை முடித்து அடுப்பை அணைத்துவிட்டு வந்தால், இவர் எழுந்து போய்க் குமிழை இன்னொரு தரம் திருகிப் பார்ப்பார்.

"நான் அணைக்கலைன்னு நினைச்சீங்களா?" என்பாள் மனைவி.

"இல்ல, சும்மாதான்."

அந்தச் சும்மாவுக்குள் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. மனுஷனுக்குச் சின்ன வயதில் எங்கேயோ நெருப்பைப் பார்த்துப் பயந்த கோளாறு போல என்று விட்டுவிட்டாள்.

அவருடைய தொழில் தீயணைப்பு சிலிண்டர்களைப் பராமரிப்பது. கடையிலும் ஆபீசிலும் பள்ளிக்கூடத்திலும் சுவரோரம் சிவப்பாகத் தொங்குமே, யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத பொருள், அதுதான். வருஷத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றி, உள்ளே கட்டிப்போன பவுடரைக் கொட்டி, புதுப் பவுடர் போட்டு, வாயு ஏற்றி, குழாயின் மூக்கைத் துடைத்து, கழுத்தில் ஓர் அட்டையைக் கட்டிக் கையெழுத்துப் போட்டு மறுபடி மாட்ட வேண்டும். கழுத்தடியில் கைக்கடிகாரம் போல ஒரு சின்ன வட்டம் இருக்கும். அதில் முள் பச்சையில் நின்றால் சிலிண்டர் தயார். சிவப்புக்கு இறங்கிவிட்டால் அது வெறும் இரும்பு. தெருவில் எல்லாருக்கும் அவர் சிலிண்டர்காரர்தான்.

இந்தச் சிலிண்டர் கடையில் சேர்வதற்கு முன் அவர் லாரி செட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். கடை முதலாளிதான் கூப்பிட்டுத் தொழில் கொடுத்தார். கெட்ட மனுஷன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. சிலிண்டர்காரர் மனைவிக்குப் பிரசவம் சிக்கலானபோது தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, குழந்தை அழும் சத்தம் கேட்கிறவரைக்கும் வராந்தாவில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவர் அவர். அந்த நன்றியைச் சிலிண்டர்காரர் நெஞ்சில் வைத்திருந்தார். பிற்காலத்தில் அதுவே கழுத்தில் சுருக்காக விழுந்தது.

முதல் தப்பு ரொம்பச் சாதாரணமாகத்தான் நடந்தது. ஒரு பெரிய பள்ளிக்கூடம் விடுமுறை முடிந்து திறக்கிற சமயம். பவுடர் வர வேண்டிய வண்டி வரவில்லை.

"இன்னிக்குத் துடைச்சு, பெயின்ட் அடிச்சு, அட்டையைக் கட்டி மாட்டிடு தம்பி," என்றார் முதலாளி. "பவுடர் வந்ததும் எடுத்துட்டு வந்து ரொப்பிக்கலாம்."

"சரிண்ணே."

பவுடர் வந்தது. வந்தது வேறு இடத்துக்குப் போனது. பள்ளிக்கூடத்துக்கு யாரும் திரும்பிப் போகவில்லை. அந்த வருஷம் அங்கே தீயும் பிடிக்கவில்லை. முதலாளிக்கு அதில் ஒரு ஞானம் பிறந்தது. தீ என்பது தினமும் வருகிற விருந்தாளி இல்லை; அது வராத வருஷங்களுக்கெல்லாம் எதற்குப் பவுடர்?

அதற்கப்புறம் பெயின்ட் அடிப்பதுதான் பராமரிப்பு என்றாகிவிட்டது. காலி சிலிண்டரில் முள் சிவப்பில் விழுந்து காட்டிக்கொடுக்குமே என்ற கவலைக்கும் முதலாளியே வழி கண்டுபிடித்தார். வட்டத்தின் கண்ணாடியைக் கழற்றி, முள்ளைப் பச்சைக்கு நகர்த்தி, அடியில் ஒரு சொட்டுப் பசை.

"முள் பச்சையில ஒட்டிக்கிட்டா பார்க்கிறவன் கண்ணும் பச்சையில ஒட்டிக்கும்," என்று சொல்லிச் சிரித்தார்.

"அண்ணே, நெசமாவே தீப்பிடிச்சா?"

"பிடிச்சா எல்லாரும் வெளிய ஓடுவான் தம்பி. நின்னு சிலிண்டரை எடுக்கிறவன் எவன்? எடுத்தாலும் அந்தப் பின்னைப் புடுங்கத் தெரிஞ்சவன் எவன்? அதுக்குள்ள தீயணைப்பு வண்டி வந்துடும். நம்ம சிலிண்டர் சுவத்துக்கு வச்ச பொட்டு மாதிரி. அழகுக்குத்தான்."

சிலிண்டர்காரர் சிரிக்காமல் நிற்பதைப் பார்த்து, தோளில் கை போட்டு, குரலை இறக்கிக்கொண்டு சொன்னார்: "வீணா மனசைப் போட்டு உழப்பிக்காத. அப்புறம் இன்னொண்ணு. அட்டையில இருக்கிற கையெழுத்து யாருது? என்னுதா?"

அன்றைக்குத்தான் பயம் அவருக்குள் குடிவந்தது. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். இவருக்கு வழியெல்லாம் கனமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கடைத்தெருவில் நடந்தால் இடதுபுறம் இவர் மாட்டியது, வலதுபுறம் இவர் மாட்டியது. பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி ஒவ்வொன்றும் பச்சையைக் காட்டும். எங்கேயாவது தீயணைப்பு வண்டியின் மணிச் சத்தம் கேட்டால் கடை வேனை ஓரமாக நிறுத்திவிடுவார். வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பார். பள்ளிக்கூடம் இருக்கும் பக்கம் திரும்பாவிட்டால்தான் மூச்சு வரும். டீக்கடையில் பேப்பரை எடுத்தால் தீ விபத்துச் செய்தியைத்தான் கண் தேடும். இல்லை என்றால் அப்படியே மடித்து வைத்துவிடுவார்.

விட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்பவர்களுக்குப் புலி வாலைப் பிடித்தவன் கதை தெரியாது. விட்டால் கையெழுத்து இவருடையது. பிடித்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் புலி திரும்பும்.

திரும்புவதற்கு அறிகுறி போல ஒருநாள் மகள் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். தையல் பழகியிருந்தாள். வேலை கிடைத்துவிட்டதாம்.

"மெத்தைத் தொழிற்சாலைப்பா! பாலத்துக்குப் பின்னால இருக்குல்ல, அது. கீழ ஸ்பாஞ்ச் வெட்டுறாங்க, மேல நாங்க உறை தைக்கணும். நாளைக்கே வரச் சொல்லிட்டாங்க."

அந்தக் கட்டடம் சிலிண்டர்காரருக்கு உள்ளங்கை மாதிரி. கீழே முழுக்கப் பஞ்சும் ஸ்பாஞ்சும். மேலே போக ஒரே ஒரு மாடிப்படி. ஜன்னல்களுக்குத் திருடன் வரக்கூடாது என்று கம்பி. சுவரில் தொங்குவது அத்தனையும் காலி.

"அங்க வேணாம் பாப்பா."

"ஏன்பா?"

"பஞ்சுத் தூசி. நெஞ்சுக்கு ஆகாது."

"மூக்குல துணி கட்டிக்கிறேன்."

"வேற இடம் பார்த்துக்கலாம். அவசரம் என்ன?"

மனைவி அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள். "ஊர்ல பொண்ணுங்க யாரும் வேலைக்கே போகலையா? அவ ஆசையா வந்து சொல்றா, நீங்க பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கீங்க. என்ன பிரச்சினைன்னு வாயைத் திறந்து சொல்லுங்களேன்."

வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று அவர் நினைத்துப் பார்த்தார். கடை மூடும். போலீஸ் வரும். அட்டைகளைப் பார்ப்பார்கள். மகளுக்கு அப்பா யார் என்று தெரிந்துபோகும். இந்தக் கடைசி எண்ணம்தான் அவர் வாயைத் தைத்தது. மறுநாள் மகள் வேலைக்குப் போனாள்.

அப்புறம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. முதலாளி வெளியே போயிருந்த ஒரு மத்தியானம், சோதனைக்கு வருகிறவர்களுக்குக் காட்டவென்று ஒதுக்கி வைத்திருந்த நல்ல பவுடரை எடுத்தார். ஒரு சிலிண்டரைத் திறந்து துடைத்து, பவுடர் போட்டு, முறையாக வாயு ஏற்றினார். முள் தானாக எழுந்து பச்சையில் போய் நின்றது. அப்படி ஒரு முள் தானாக எழுவதை அவர் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது. செய்தது நல்ல வேலை. ஆனால் கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க, திருடனைப் போலச் செய்தார்.

அதைத் தூக்கிக்கொண்டு மெத்தைத் தொழிற்சாலைக்குப் போனார். கீழே ஸ்பாஞ்ச் வெட்டுகிற கட்டிங் மாஸ்டர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். வாய் ஓயாத மனுஷன். எல்லாருக்கும் ஒரு பட்டம் வைத்திருப்பார்.

"வாங்க தீயணைப்பு மந்திரி! உங்க பொண்ணாமே மேல இருக்கிறது? தங்கமான பொண்ணு. இந்தாங்க, எங்க முதலாளிகிட்ட நீங்களாவது சொல்லுங்க. ஒரு பீடி பிடிக்க விடமாட்டேங்கிறார். சுவரெல்லாம் சிலிண்டர் தொங்குது, ஒரு பீடியை அணைக்காதா?"

சிலிண்டர்காரர் சிரித்தமாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மாடியேறினார். மகள் பக்கத்து மெஷின் பெண்களிடம் "எங்கப்பா" என்று பெருமையாகக் காட்டினாள். அவள் மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் தொங்கிய காலியைக் கழற்றிவிட்டு நல்லதை மாட்டினார். மாட்டிவிட்டு இரண்டு கையாலும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கீழே இருப்பவற்றை அப்புறம் ஒவ்வொன்றாக மாற்றிவிடலாம் என்று நினைத்தார். அந்த 'அப்புறம்' முதலாளியிடம் கற்றது. நாட்கள் ஓடின. ஒன்றைக்கூட மாற்றவில்லை. மகள் பக்கத்தில் நல்லது ஒன்று இருக்கிறது என்ற நினைப்பில் அவருக்குக் கொஞ்சம் சோறு இறங்க ஆரம்பித்திருந்தது. அதுதான் காரணம்.

மகள் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போன ஒருநாள், அதைக் கொடுக்கப் போயிருந்தார். கீழே மாஸ்டர் சூட்டுக்கம்பியால் ஸ்பாஞ்சை வெட்டிக்கொண்டே ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். கம்பிக்கு மின்சாரம் வருகிற ஒயரில் சடசடவென்று ஒரு சத்தம். மேஜை ஓரத்தில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் பற்றிக்கொண்டது. கைக்குட்டை அளவுத் தீ.

மாஸ்டர் பதறவே இல்லை. மின்சாரத்தை அணைத்துவிட்டு, "மந்திரி வந்த நேரம் நல்ல நேரம்!" என்று சிரித்துக்கொண்டே சுவரிலிருந்து சிலிண்டரைக் கழற்றி அவர் கையில் திணித்தார். "அடிங்க!"

கையில் வாங்கியதுமே கனம் சொல்லிவிட்டது. காலி. சுற்றி நின்ற ஆட்கள் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். ஓடத் தயாரானவன்கூட, சிலிண்டர்காரரே கையில் சிலிண்டரோடு நிற்கிறாரே என்று நின்றுவிட்டான்.

அந்த இடத்தில் அவர் 'இது காலி, ஓடுங்க' என்று சொல்லியிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். அவர் பின்னைப் பிடுங்கினார். குழாயை நீட்டினார். அழுத்தினார். புஸ் என்று ஒரு பெருமூச்சு வந்தது. ஒரு சிட்டிகை வெள்ளைத் தூசி அவர் செருப்பின் மேலே விழுந்தது.

"அடைச்சிருக்கு போல," என்றார். அவர் குரல் அவருக்கே யாரோ பேசுவது போலக் கேட்டது. குலுக்கினார். தெரிந்தே இன்னொரு தரம் அழுத்தினார்.

அதற்குள் தீ மேஜையைத் தாண்டி ஸ்பாஞ்ச் அடுக்கில் ஏறிவிட்டது. கறுப்புப் புகை கூரையைத் தொட்டது. மாஸ்டர் எதிர்ச்சுவரில் தொங்கிய இன்னொரு சிலிண்டரைப் பாய்ந்து எடுத்தார். அதுவும் காலி என்று சிலிண்டர்காரருக்குத் தெரியும். கத்த வாயைத் திறந்தார். தொண்டையில் காற்றுகூட வரவில்லை. மாஸ்டர் நம்பிக்கையோடு தீக்கு அருகே போனார், இன்னும் அருகே போனார், குனிந்து அழுத்தினார். எரிகிற ஸ்பாஞ்ச் உருகிக் கூழாக அவர் கைகளின் மேல் சரிந்தது.

அந்த அலறலில்தான் சிலிண்டர்காரருக்குக் குரல் திரும்பியது.

"எல்லாம் காலி! எல்லாமே காலி! ஓடுங்க! அவரை இழுங்க, ஓடுங்க!"

ஆட்கள் மாஸ்டரை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். இவர் மாடிப்படிக்கு ஓடினார். படியின் அடியில் எரிகிற துண்டுகள் உருண்டு வந்து விழ ஆரம்பித்திருந்தன. மேலே பெண்கள் கம்பி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள். மகள் "அப்பா!" என்று ஓடி வந்தாள். அவளைத் தாண்டிப் போய்ச் சுவரிலிருந்த சிலிண்டரை எடுத்தார். "என் பின்னால வாங்க! யாரும் நிக்காதீங்க!"

படியின் பாதியில் நின்று அழுத்தினார். வெள்ளைப் புகை சீறிக்கொண்டு போய்ப் படியடித் தீயின் மேல் விழுந்தது. தீ அமுங்கி ஒரு வழி திறந்தது. பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு அவரைத் தாண்டி இறங்கி ஓடினார்கள். மகளைப் பிடித்துத் தள்ளிவிட்டு அவரும் வெளியே வந்து விழுந்தார். கொஞ்ச நேரத்தில் மாடித்தளம் சரிகிற சத்தம் கேட்டது.

தீயணைப்பு வண்டி வந்து தீயை அணைத்து முடித்தபோது தெருவெல்லாம் கரித்தண்ணீர். ஆம்புலன்ஸ் மாஸ்டரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. வாசலில் உட்கார்ந்திருந்த சிலிண்டர்காரரைச் சுற்றி நின்று பெண்கள் அழுதுகொண்டே கும்பிட்டார்கள். "நீங்க இல்லேன்னா நாங்க இல்ல அண்ணே," என்றாள் ஒருத்தி. அவர் தலையைத் தூக்கவில்லை.

தீயணைப்பு அதிகாரி கருகாமல் தப்பிய சிலிண்டர்களைத் தரையில் கிடத்தினார். விரலால் ஒரு வட்டத்தைத் தட்டினார். முள் அசையவில்லை. இன்னொன்றைத் தட்டினார். நிமிர்ந்து கேட்டார்:

"எல்லாம் பச்சையில நிக்குது. எல்லாம் காலி. இது ஒண்ணு மட்டும் எப்படி வேலை செஞ்சுது? இது எங்க இருந்துச்சு?"

"மாடியில சார்," என்றாள் ஒரு பெண், உதவி செய்கிற நினைப்பில். "இவ மெஷின் பக்கத்துல. அப்பாதான் வந்து மாட்டிட்டுப் போனார்."

மகள் மெதுவாக அவர் பக்கம் திரும்பினாள். புகையில் கறுத்த முகத்தில் கண் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

அவர் தலையாட்டினார்.

"அப்போ கீழ இருந்தவங்க?"

சுற்றி நின்று கும்பிட்ட கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. மகள் விலகிப் போய்த் தெருவின் அந்தப் பக்கம் நின்றுகொண்டாள்.

அவர் அதிகாரியிடம் திரும்பினார். "ஐயா, இங்க மட்டும் இல்ல. பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தான். பொம்பளைங்க ஹாஸ்டல்லயும். பிரசவ ஆஸ்பத்திரியிலயும். வாங்க, நான் காட்டுறேன். உடனே வாங்க."

ஜீப்பில் ஏற்றிக்கொண்டு முதலில் பள்ளிக்கூடத்துக்குத்தான் போனார்கள். வழியில் ஒரு டீக்கடை அடுப்பிலிருந்து புகை எழுந்ததைப் பார்த்து அவர் சீட்டிலிருந்து எழுந்தே விட்டார். பக்கத்திலிருந்த தீயணைப்பு வீரர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டபோது, சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

முதலாளி மைத்துனன் வீட்டில் போய் ஒளிந்தார், பிடித்துக்கொண்டு வந்தார்கள். "நான் நம்பி விட்டேன் சார். கையெழுத்து எல்லாம் அவருது," என்றுதான் அவர் சொன்னார். ஆனால் கடையின் பின்கட்டில் பெயின்ட் அடித்துக் காயப் போட்டிருந்த காலிச் சிலிண்டர்களும், முள்ளில் பசை வைக்கிற மேஜையும் ஊமையாக இருந்துவிடவில்லை. உப்பைத் தின்ற இரண்டு பேருமே தண்ணீர் குடித்தார்கள். தானாக வந்து சொன்னார் என்று சிலிண்டர்காரருக்குத் தண்டனையைக் கொஞ்சம் குறைத்தார்கள்.

சிறைக்குப் போவதற்கு முன்னால் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் மாஸ்டரைப் பார்த்தார். கைகள் இரண்டும் கட்டுக்குள். முகத்தில் பாதிக்கு மேல் துணி. வாய் ஓயாத மனுஷன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:

"ரெண்டாவது தரம் குலுக்கி அழுத்தினீங்களே. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

மாஸ்டர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "போங்க," என்றார். மந்திரி என்று சொல்லவில்லை. அவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் விரல்கள் மடங்கவில்லை. ஸ்பாஞ்சைப் பிடித்து வெட்ட முடியாத மாஸ்டரை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வார்கள்? ஒரு கிடங்கின் வாசலில் காவல் வேலை கொடுத்தார்கள்.

சிறையிலிருந்து வந்த பிறகு சிலிண்டர்காரர் காய்கறி மண்டியில் மூட்டை தூக்கப் போனார். மனைவி சோறு போட்டாள். தேவையான பேச்சுப் பேசினாள். மகள் வேறு ஊரில் ஒரு தையல் கம்பெனியில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். அம்மாவிடம் போனில் பேசுவாள். 'அப்பா எப்படி இருக்காரு' என்றுகூடக் கேட்க மாட்டாள்.

அப்படியிருக்க ஒருநாள் காலை, மண்டியில் அவர் போனே அடித்தது. மகளுடைய எண். மூட்டையை இறக்கிவிட்டு எடுத்தார். பின்னால் தையல் மெஷின்கள் ஓடும் இரைச்சல்.

"அப்பா, ஒரு விஷயம் கேக்கணும்." குரலில் உறவும் இல்லை, கோபமும் இல்லை. "சிலிண்டர் நல்லதா இல்லையான்னு எப்படிப் பார்க்கிறது?"

"முள்ளை நம்பாத பாப்பா. கழற்றித் தலைகீழாப் பிடி. காதைப் பக்கத்துல வை. உள்ள மணல் சரியற மாதிரி பவுடர் சரியணும்."

"இருங்க."

போனை எங்கேயோ வைத்த சத்தம். அவர் மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். கூட வேலை செய்கிறவர்கள் கூப்பிட்டார்கள், காதில் விழவில்லை. மகள் திரும்ப வந்தாள்.

"ஒண்ணுல சரியுது. மத்த எதுலயும் ஒண்ணுமே கேக்கல."

"அப்படின்னா இப்பவே போய்ச் சொல்லு. உங்க மேனேஜர்கிட்டத் தனியாச் சொல்லாத. எல்லாரும் இருக்கும்போது சொல்லு. சத்தமாச் சொல்லு."

"வேலை போயிடும்பா."

அந்தப் பயத்தின் ருசி அவருக்குத் தெரியும். எத்தனையோ வருஷம் அதை மென்றே வாழ்ந்தவர்.

"போகட்டும்," என்றார்.

எதிர்முனையில் மெஷின்களின் இரைச்சல். அப்புறம் "சரி" என்று ஒரு சொல். போன் நின்றுவிட்டது.

அன்று முழுக்க அவர் தூக்கிய மூட்டைகளைத் தப்பான கடைகளில் இறக்கிக்கொண்டே இருந்தார். போனைச் சட்டைப்பையிலிருந்து எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். அது அடிக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"எனக்குப் போன் பண்ணினா. எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாளாம். நாளைக்கு வேலைக்கு வரச் சொல்வாங்களா மாட்டாங்களான்னே தெரியலையாம்." அவர் பின்னாலேயே உள்ளே வந்து சொன்னாள்: "ஏங்க, அவ குரல் ரொம்ப நடுங்குச்சு."

"நடுங்கட்டும்," என்றார் அவர். "சொல்லிட்டா இல்ல."